பிறந்த குதிரைக் குட்டியை எப்போது தொடலாம்?

ஜூன் 2 – கேள்வி

அண்ணா, போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரி இனப் பெட்டைக் குதிரை இப்போது நிறைசினை. சந்தைக்கு வருமுன்பே பொலிகுதிரையோடு சேர்த்திருந்தார்களாம். இந்த மாதம் இருபது தேதிக்கு மேல் ஈன்றுவிடும் என்கிறார் டாக்டர். வீட்டில் இரண்டு கட்சி. நான் பார்த்த வீடியோக்களில், குட்டி தரையில் விழுந்ததும் அது எழுவதற்குள் பிடித்து மடியில் போட்டுக்கொள்கிறார்கள். உடம்பெல்லாம் தேய்த்து, காதிலும் மூக்கிலும் வாயிலும் விரல் விட்டு, குளம்பைத் தட்டிப் பழக்குகிறார்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்தை விட்டால் திரும்பக் கிடைக்காதாம். தாத்தாவோ, ஒரு வாரத்துக்கு லாயத்தின் பக்கமே தலைகாட்டாதே, தாய் குட்டியைச் சேர்க்காமல் போய்விடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? குட்டி முரடாக வளர்ந்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை.

ஜூன் 2, இரவு

நான் தாத்தா கட்சி, தம்பி. முழுக்க அல்ல, முக்கால்வாசி.

நீங்கள் பார்த்த முறையைப் பரப்பியவர் கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவராக இருந்த ராபர்ட் மில்லர். 1991இல் புத்தகமாகவும் எழுதினார். சிக்கலான பேற்றில் தன் கைபட்டுப் பிறந்த குட்டிகள் பிற்பாடு தன்னிடம் பயமின்றி இருப்பதைக் கவனித்து, எல்லாக் குட்டிகளுக்கும் இதைச் செய்து பார்த்தார். ஒவ்வோர் இடத்தையும் குட்டி எதிர்ப்பதை நிறுத்தும்வரை திரும்பத் திரும்பத் தொட வேண்டும். பாதியில் கையை எடுத்தால், துள்ளினால் தப்பிக்கலாம் என்று அது கற்றுக்கொள்ளும் என்பது அவருடைய விதி. இதற்குப் பின்னால் இருப்பது கொன்ராட் லோரென்ஸின் வாத்துக் குஞ்சுகள். முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் கண்ட லோரென்ஸையே தாயாக எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வரிசையாக நடந்த குஞ்சுகள். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

மில்லர் குதிரைகளை அடித்து வசக்குவதை வெறுத்தவர். அவர் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிறந்த முதல் மணி நேரத்தில் குட்டி மனத்தில் பதிய வேண்டிய உருவம் தாயின் உருவம். நக்கிக்கொடுக்கும் நாக்கு, அப்போது அவள் எழுப்பும் அந்தத் தாழ்ந்த கனைப்பு, வியர்வை மணம், பால் மணம். எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே மடியைத் தேடிக் கண்டுபிடிப்பது. இத்தனை வேலை இருக்கிற நேரத்தில் நாம் குறுக்கே உட்கார்ந்து காதில் விரல் விட்டால் அது நம்மைப் பற்றி எதைக் கற்றுக்கொள்ளும்?

பலன் உண்டா என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிறந்தவுடனும் அடுத்த இரண்டு நாட்களிலும் இந்த முறைப்படி கையாண்ட குட்டிகளை, கையாளாத குட்டிகளோடு ஆறு மாத வயதில் ஒப்பிட்டார்கள். 2003இல் வெளிவந்த முடிவு: முன்னவை சாதுவாக இருந்தன என்று சொல்ல எதுவும் இல்லை.

ஜூன் 3, காலை

‘முதல் மணி நேரம் போனால் போயே போயிற்று’ என்ற பயத்துக்கு இன்னொரு பதில் விட்டுப்போயிற்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் திரியும் மஸ்டாங் குதிரைகளை அரசே பிடித்து, வளர்க்க விரும்புவோரிடம் கொடுக்கிறது. மனிதக் கையே படாமல் பல வருடங்கள் திரிந்தவை அவை. பொறுமையுள்ளவர்களிடம் போய்ச் சேர்ந்தவை சேணமும் ஏற்கின்றன, குழந்தைகளையும் சுமக்கின்றன. அப்படி ஒரு கதவு இருந்து அது ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்வதாக இருந்தால் இது எப்படி நடக்கும்? நிதானமாக இருங்கள்.

ஜூன் 3, இரவு

இப்போது ஈனும் இரவைப் பற்றி. பழக்குவதைப் பற்றிக் கேட்டால் பேறுகாலத்தைப் பற்றி எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். உங்கள் கை குட்டியின்மேல் முதலில் படப்போவது இந்த வேலைகளுக்காகத்தான்.

பெரும்பாலும் நடு இரவுக்கு மேல்தான் ஈனும். பனிக்குடம் உடைந்தபின் அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் தெரியும் சவ்வு வெளுப்பாக இருக்க வேண்டும். சிவப்பாக, தடித்த பை ஒன்று தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சுக்காற்று போகவில்லை என்று பொருள். அப்போது டாக்டர் வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே பையைக் கிழித்து, தாய் முக்கும்போது குட்டியை இழுத்து எடுக்க வேண்டும். இதற்காகவே அந்த வாரம் முழுவதும் டாக்டர் எண் சுவரில் எழுதியிருக்கட்டும், கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் தாய் நஞ்சுக்கொடியை முழுவதுமாகப் போட்டுவிட வேண்டும். போடவில்லையென்றால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். உள்ளே ஒரு துண்டு தங்கினாலும் ரத்தத்தில் நச்சு ஏறும், குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்க முடியாமல் போகும். மாட்டுக்கு ஒரு நாள் பொறுக்கலாம் என்று சொல்லும் அனுபவசாலிகள் ஊரில் இருப்பார்கள்; குதிரைக்கு அந்தக் கணக்கு உதவாது.

சீம்பால் பற்றி அழுத்திச் சொல்கிறேன். குதிரையின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போவதில்லை. பிறக்கும்போது அது ஏறக்குறைய வெறுங்கையோடுதான் வருகிறது. எல்லாமே சீம்பாலில். அதை அப்படியே உள்வாங்கும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரங்களில்தான் நன்றாக இருக்கிறது, 24 மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. மறுநாள் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. முதல் மணி நேரம் திரும்ப வராது என்று வீடியோக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த நேரம் மடிக்கு உரியது.

ஜூன் 4

தொப்புள்கொடியை எங்கே வெட்டுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வெட்டவே வேண்டாம். தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ தானாக அறும். அறுந்த நுனியை டாக்டர் சொல்லும் அளவில் நீர்த்த குளோர்ஹெக்ஸிடின் கரைசலில் நனைத்தால் போதும். சாணமும் மஞ்சளும் அப்புவது வேண்டவே வேண்டாம். குதிரைக்கு வில்வாத நோய் (டெட்டனஸ்) சட்டென்று தொற்றும். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே தாய்க்கு அதற்கான தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு. போட்டாயிற்றா, தம்பி?

ஜூன் 5

நான் தாத்தா கட்சியில் ஏன் முழுதாகச் சேரவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு வாரம் லாயத்துப் பக்கமே போகாவிட்டால் கிடைக்கக்கூடிய ஒன்று கைநழுவிப் போகிறது. குட்டியின் மனத்துக்குப் போகும் வழி தாயின் முதுகு வழியாக இருக்கிறது.

பிரான்சில் ரென் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டது இது. பேற்றுக்குப் பிந்தைய முதல் ஐந்து நாட்கள், நாளுக்குக் கால் மணி நேரம், தாய்க் குதிரையை மெதுவாகத் தேய்த்துவிட்டு, கையால் தீனி கொடுத்தார்கள். அந்த நேரத்தில் குட்டியைத் தொடவில்லை. இன்னொரு பிரிவில் ஆள் சும்மா போய் நின்றதோடு சரி. முதல் பிரிவின் குட்டிகள் மனிதர்களிடம் தாமாகவே நெருங்கி வந்தன, தொட விட்டன, முதுகில் சேணத்துணியைப் போட்டபோதும் சீக்கிரம் ஏற்றுக்கொண்டன. ஒரு வயதிலும் அந்த வேறுபாடு மறையவில்லை. கால் மணி நேரம், ஐந்து நாட்கள், அதுவும் தாய்க்கு!

அதே குழுவினர் 2009இல் இதற்கு நேர்மாறான பக்கத்தைப் பார்த்தார்கள். பிறந்ததும் ஒரு மணி நேரம் மனிதர்கள் கையாண்ட குட்டிகள் பிறகு எப்படி வளர்கின்றன? தாயைவிட்டு நகர அஞ்சின. மற்ற குட்டிகளோடு குறைவாகவே விளையாடின. பால் மறந்தபின் கூட்டத்தில் ஒதுங்கி நின்றன. எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. நம் வசதிக்காக அதன் முதல் மணி நேரத்தை எடுத்துக்கொண்டோம்; விலையைக் குட்டி கொடுத்தது.

ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை: இன்றிலிருந்தே தொடங்குங்கள். ஈனுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் பெட்டைக்கு எங்கே சொறிந்தால் பிடிக்கும், எந்தப் பக்கம் நின்றால் காதை மடக்கும், மடியைத் தொட்டால் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பேற்றுப் பெட்டை என்றால் மடியைத் தொடப் பழக்குவது இரட்டை நன்மை. குட்டி காம்பைத் தேடி முட்டும்போது கூச்சத்தில் உதைக்காது.

ஜூன் 6

நேற்றுச் சொன்னதை என் லாயத்தில் கண்டதாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஆய்வைவிட அதுதான் என்னை மாற்றியது.

என்னிடம் இருப்பது காத்தியவாரிப் பெட்டை. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அந்தக் காதுதான் அவளுக்கு எமன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் காதை முறுக்கிப் பிடித்து ஊசி போட்டிருக்க வேண்டும். தலைக்கு மேல் கை போனாலே பின்னங்காலில் எழுந்துவிடுவாள். அவள் ஈன்றபோது குட்டியை நெருங்க எனக்கே துணிவில்லை. மாலையில் தீனித் தொட்டிக்கு அருகில் நின்று அவளுடைய தோளையும் முதுகையும் மட்டும் தேய்த்துக்கொண்டிருப்பேன். குட்டி அவளுக்கு அந்தப் பக்கம், அவள் வயிற்றுக்குக் கீழே நான்கு கால் மட்டும் தெரியும்.

ஒருநாள் அந்தக் கால்கள் இடம் மாறின. பிறகு வாலுக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்கு. நான் திரும்பிப் பார்த்ததும் ஓட்டம். மறுநாள் திரும்பிப் பார்க்காமல் தேய்த்தேன். சட்டையின் பின்நுனியை எதுவோ மெல்ல இழுத்தது. அன்றும் திரும்பவில்லை, தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. தாய் தலையைத் தாழ்த்தி, கீழுதடு தொங்க, கண் சொருக நின்றுகொண்டிருந்தாள். குட்டி அவள் முகத்தைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, பிரஷ்ஷை முகர்ந்தது. நானாக அதைத் தொடவில்லை. அதுதான் என் கைமுட்டியில் மூக்கை வைத்தது.

அந்தக் குட்டிக்குக் காது பயம் இல்லை. தாயிடம் இருந்த பயம் ஒன்றுகூட மகளிடம் ஒட்டவில்லை. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் அவள் தலைக்கயிற்றை மாட்டலாம்.

என் அப்பா தாராபுரத்தில் குதிரைவண்டி வைத்திருந்தவர். ஆய்வு எதுவும் படித்தவரில்லை. ஈன்ற குதிரைக்கு ஊறவைத்த கொள்ளை அவரே கையால் வைப்பார், வேறு யாரையும் வைக்க விடமாட்டார். ‘குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்பார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஜூன் 8

ஒரு நண்பர் மறுத்து எழுதியிருக்கிறார்: “மில்லர் முறையை நான் செய்து பார்த்தேன். முதலில் துள்ளியது, பிறகு கையிலேயே அடங்கிக் கண்ணை மூடிக்கொண்டது. அமைதியை ஏற்றுக்கொண்டது என்றுதானே பொருள்?”

நீங்கள் கண்டது உண்மை. காரணம் வேறு. பிறந்த குட்டியின் மார்பை இறுக்கி அணைத்தால் அது தளர்ந்து தூங்கிவிடும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மாடிகன் என்ற கால்நடை மருத்துவர் இதையே சிகிச்சையாக்கியிருக்கிறார். சில குட்டிகள் பிறந்தபின் மந்தமாகச் சுவரை முட்டிக்கொண்டு திரியும், தாயையே அறியாது, பால் குடிக்காது. கருப்பையில் குட்டியை உறக்கத்தில் வைத்திருந்த சுரப்புகள் பிறந்தபிறகும் குறையவில்லை என்பது அவர் கருத்து. மென்மையான கயிற்றை மார்பைச் சுற்றிக் கட்டி ஏறத்தாழ இருபது நிமிடம் இறுக்கினால், பிறப்புப் பாதையில் நெருக்குண்டு வெளிவரும் அனுபவம் மறுபடி கிடைக்கிறது. கயிற்றை அவிழ்த்ததும் பல குட்டிகள் எழுந்து நேராக மடிக்குப் போகின்றன. (டாக்டர் இல்லாமல் இதைச் செய்து பார்க்க வேண்டாம். விலா எலும்பு முறிந்திருக்கும் குட்டிக்கு ஆபத்து.)

அதாவது, இறுக்கினால் அடங்குவது உடலின் இயல்பு. அதை ‘என்னை நம்பிவிட்டது’ என்று படிப்பதில்தான் எனக்கு மறுப்பு. அடங்கிப்போவதற்கும் பயம் தெளிவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பெரிய குதிரையில் எளிதாகக் காணலாம். பயம் தெளிந்த குதிரை மெல்லும், நாக்கால் உதட்டைத் துழாவும், காதைத் திருப்பி நம்மைக் கவனிக்கும். அடங்கிப்போன குதிரை எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும், ஒருநாள் எதிர்பாராத நேரத்தில் வெடிக்கும்.

ஜூன் 11

முந்தைய குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். ‘முதல் நாள் கையே வைக்காதே’ என்று யாராவது எடுத்துக்கொள்ளக் கூடும். அப்படி அல்ல. தொப்புளை நனைக்க வேண்டும், ஆணா பெண்ணா பார்க்க வேண்டும், கருநிறத்தில் வரும் முதல் இலத்தி வெளியேறிவிட்டதா என்று வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும், டாக்டருக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் தொடுவதுதான். தாயின் கண்ணுக்கு எதிரே, குட்டி பால் குடித்தபின், ஒரு கை மார்பிலும் ஒரு கை பின்தொடையைச் சுற்றியும் அணைத்துச் செய்து, அது ஒரு கணம் அசையாமல் நின்றதும் விட்டுவிடுங்கள். விடுகிற நேரம்தான் கற்பிக்கிறது. மில்லர் சொன்னதில் அந்த ஒன்றை நானும் ஏற்கிறேன்: துள்ளும்போது விடாதே, நிற்கும்போது விடு. அவருடைய முறையோடு எனக்கு இருக்கும் பிணக்கு நேரத்தையும் அளவையும் பற்றியது.

ஜூன் 21

பெண் குட்டி! விடியற்காலை மூன்றரைக்கு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு. நாற்பது நிமிடத்தில் எழுந்ததாம். வாழ்த்துகள் தம்பி, தாத்தாவுக்கும் சொல்லுங்கள், பக்கத்தில் கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தது அவர்தானாமே.

படத்தில் பார்த்தேன். குளம்பின் அடியில் மஞ்சளாக, பிய்ந்த ரப்பர் விரல்களாகத் தொங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் இயற்கை போட்டனுப்பிய உறை அது. நடக்க நடக்க ஓரிரு நாளில் தேய்ந்து போகும்.

பின்னங்கால் கணுக்கள் தரையில் படுகிற அளவுக்குத் தாழ்ந்திருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். தசைநார் தளர்வு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தானே நிமிரும். சமதரையில் தாயோடு சிறிது நேரம் நடக்க விடுங்கள். கட்டுப் போடாதீர்கள். குதிகால் தோல் உரிந்தாலோ, நாளாக ஆகத் தாழ்ந்துகொண்டே போனாலோ டாக்டர்.

இந்தக் கால் விஷயத்தில் மார்க்கோ போலோ நினைவுக்கு வருகிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்தவர், இங்கே நல்ல பெட்டையை நல்ல பொலிகுதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஏறிச் செல்ல உதவாத குட்டிதான் பிறக்கிறது என்று சொல்லியிருக்கிறார். குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும், வருடந்தோறும் கடல் வழியே வந்திறங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரியாததால் மடிந்தன என்றும் சொல்கிறார். கடல் தாண்டி வந்த தாய், பழகாத தீனி, ஈன்றால் எப்படிப்பட்ட குட்டி ஈனும்? மண்ணின் குற்றம் என்று நான் நம்பமாட்டேன். காங்கயத்துச் சுண்ணாம்பு மண்ணில் விளைந்த கொழுக்கட்டைப் புல்லைத் தின்று உங்கள் சுட்டிக்காரி எப்படி நிமிர்ந்து நிற்கிறாள் என்று அடுத்த மாதம் படம் போடுங்கள், போலோவுக்கு அதுவே பதிலாக இருக்கட்டும்.

ஜூன் 25

நான்காம் நாளே வந்து கையை முகர்ந்தாளா! தாயைத் தேய்த்ததன் பலன்.

இனி அவளாக வரும்போது எங்கே தொடுவது என்பது பற்றி. முகத்தை விட்டுவிடுங்கள். எல்லோரும் முதலில் நெற்றியைத்தான் தடவப் போவார்கள், குட்டிக்கு மேலிருந்து வரும் கை பிடிக்காது. பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறியுங்கள். குதிரைகள் இரண்டு எதிரெதிரே நின்று ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெற்குப் பிரான்சின் கமார்க் இனக் குதிரைகளுக்கு அந்த இடத்தில் சொறிந்துவிட்டு இதயத் துடிப்பை அளந்தார்கள், துடிப்பு குறைந்தது. குட்டிகளுக்கும் பெரியவற்றுக்கும் அப்படியே. வேறு இடத்தில் சொறிந்தபோது அந்தப் பலன் இல்லை.

கிரேக்கத்தில் ஏறக்குறைய 2,400 வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த படைத்தலைவர் ஜெனோஃபோனும் இதைச் சொன்னவர். குதிரை தானே எட்டிச் சொறிய முடியாத இடங்களைத் தொட்டுக்கொடு, பசியும் தாகமும் ஈயும் அது தனியாக இருக்கும்போது வருபவை என்றும் அவற்றிலிருந்து விடுதலை மனிதனால் வருவது என்றும் அது கற்கட்டும் என்பது அவர் வழி. ஈக்கள் மொய்க்கும் நம் ஊர் லாயத்தில் இதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது பாருங்கள்.

சரியான இடத்தில் சொறிந்தால் மேலுதடு நீண்டு துடிக்கும், கழுத்து வளையும். அந்த நேரத்தில் கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போங்கள். அவள் உங்களைத் தேடி ஓரடி வந்தால் மறுபடி சொறியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். அவளுக்குச் சலிப்பதற்குள் நீங்கள் வெளியே வந்துவிட வேண்டும்.

ஜூலை 1

வயிற்றுப்போக்கு என்று பதறி எழுதியிருக்கிறீர்கள். ஈன்ற ஏழிலிருந்து பத்து நாளுக்குள் தாய்க்கு மறுபடி பருவம் வரும். அதே நாட்களில் குட்டிக்கும் இளகிப் போவது வழக்கம். பால் குடித்துத் துள்ளிக்கொண்டிருந்தால் பின்பக்கத்தைக் கழுவித் துடைத்து விடுங்கள். சோர்ந்து படுத்தால், மடி கனத்துப் பால் சொட்டினால் (குட்டி குடிக்கவில்லை என்று அர்த்தம்), காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டர், அடுத்த வேளைவரை பார்க்காதீர்கள்.

தாயின் இலத்தியைத் தின்பதைத் தடுக்கவும் வேண்டாம். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அப்படித்தான் வயிற்றுக்குள் குடியேற்றிக்கொள்கிறாள்.

கழுவித் துடைப்பது என்றேனே, அதுவும் பயிற்சிதான். வால் தூக்கவும் பின்தொடை தொடவும் பழகிவிடுகிறாள்.

ஜூலை 10

தலைக்கயிறு எப்போது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் வாரத்திலிருந்து மென்மையான துணிப்பட்டைத் தலைக்கயிற்றைக் காட்டி, முகரவிட்டு, மூக்கில் நுழைத்து, கழற்றிவிடுவேன். மாட்டிவிட்டு லாயத்தில் தனியாக விடவே கூடாது. காதைச் சொறியப் பின்னங்கால் குளம்பைத் தூக்கும் வயது. பட்டைக்குள் குளம்பு மாட்டினால் கழுத்து முறியும். தினமும் வளரும் தலை; நேற்று தளர்வாக இருந்தது அடுத்த வாரம் மூக்கெலும்பில் பதியும்.

தலையைப் பிடித்து இழுத்து நடத்துவது குட்டிக்கு ஆகாது. இழுத்தால் எதிர்த்திசையில் சாய்வது குதிரையின் பிறவிக் குணம். குட்டி அப்படிச் சாய்ந்து, கால் வழுக்கி, பின்னோக்கி மல்லாந்து விழுந்து உச்சந்தலை அடிபட்டு இறப்பதுண்டு. என் உறவினர் தோட்டத்தில் ஒன்று அப்படிப் போயிற்று. ஆகவே நீளமான பருத்திக் கயிற்றை அவளுடைய பின்தொடையைச் சுற்றி எட்டு வடிவில் போட்டு, ஒரு கை அதில், ஒரு கை தலைக்கயிற்றில். தாயை ஒருவர் முன்னால் நடத்தட்டும். தாய் போகும் பக்கம் குட்டி எப்படியும் போகும். அது போகிற நேரத்தில் நாம் பின்தொடைக் கயிற்றைக் கொஞ்சம் தொட்டு, அடி எடுத்ததும் தளர்த்தினால் போதும். சில நாட்களில் கயிறு தேவைப்படாது.

மரத்திலோ கம்பத்திலோ கட்டவே வேண்டாம். இந்த வயதில் கட்டுவதால் அது கற்கும் ஒன்றும் இல்லை.

கால் தூக்குவதும் இப்போதே. தோளிலிருந்து கையை வழுக்கிக் கீழே கொண்டுவந்து, கணுவில் லேசாகப் பிடித்து, அவளாக எடையை மாற்றியதும் ஒரு அங்குலம் தூக்கி, அவள் பிடுங்குவதற்கு முன் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் லாடக்காரர் குளம்பைச் சீவ வருவார். முதல்முறை அவர் கையில் போராட்டம் நடந்தால் பிறகு வாழ்நாள் முழுக்கப் போராட்டம்தான்.

ஜூலை 19

பக்கத்து வீட்டுக் குழந்தைகள் குட்டியோடு கட்டிப்பிடித்து விளையாடும் படம் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் ஊருக்கு அருகில் தாயில்லாத ஆண் குட்டி ஒன்றைப் புட்டிப்பாலில் வளர்த்தார்கள். வீட்டுத் திண்ணைவரை வரும். முன்னங்காலைத் தோளில் போட்டு நிற்கும். ஊரே வேடிக்கை பார்க்கும். இரண்டு வயதில், முன்னூறு கிலோ எடையில், அதே அன்போடு அதே காலைத் தோளில் போட்டது. வளர்த்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. குதிரை கெட்டதென்று பெயர் வாங்கிக் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அது செய்த குற்றம் என்ன? குதிரைகளிடம் வளர்ந்திருந்தால் முதல்முறை காலைத் தூக்கியபோதே மூத்த பெட்டை ஒன்று பல்லைக் காட்டியிருக்கும், பாடம் முடிந்திருக்கும்.

குட்டி மனிதரைக் கடித்தால், உரசித் தள்ளினால், புட்டத்தைத் திருப்பினால் அடிக்க வேண்டாம். அவளை அந்த இடத்திலிருந்து ஓரிரண்டு அடி நகரச் செய்யுங்கள், சொறிவதை நிறுத்திவிடுங்கள். கையில் வைத்துத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், தொட்டியில் போடுங்கள். குழந்தைகளும் சொறிந்துகொடுக்கட்டும், கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கக் கூடாது.

இன்னொன்று: பெரிய குதிரை நெருங்கினால் உங்கள் குட்டி வாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பல்லைக் காட்டுவாள். கடிக்க வருவதில்லை. ‘நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்யாதே’ என்பது. உங்களிடமும் அப்படிச் செய்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள். அவளுக்கு நீங்கள் பெரிதாகத் தெரிகிறீர்கள்.

ஆகஸ்ட் 6

ஆடிப் பெருவிழா வருகிறது, அந்தியூருக்குத் தாயையும் குட்டியையும் கூட்டிப் போகலாமா என்று கேள்வி. குருநாதசாமி கோயில் சந்தை எனக்கு உயிர். மார்வாரி, காத்தியவாரி, நொக்ரா என்று வரிசையாக நிற்பதையும், மேளத்துக்குக் கால் தூக்கி ஆடுவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். இருந்தாலும் ஒன்றரை மாதக் குட்டியைக் கூட்டிப் போக வேண்டாம் என்பேன். லாரிப் பயணம், ஒலிபெருக்கி, எங்கிருந்தெல்லாமோ வந்த குதிரைகளின் சளி, இருமல். சீம்பாலில் கிடைத்த பாதுகாப்பு கரைந்து, அவளுடைய சொந்தப் பாதுகாப்பு இன்னும் முழுதாக எழாத பருவம் இது. நீங்கள் மட்டும் போய் வாருங்கள். போகும்போது குட்டியோடு நிற்கும் பெட்டைகளைக் கவனியுங்கள். கூட்டம் நெருங்க நெருங்கக் குட்டியைத் தன் உடம்புக்கு அந்தப் பக்கம் தள்ளி மறைத்து நிற்பாள். அந்த இடத்தில் உங்கள் பெட்டை நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

வெறும் லாரியில் ஏற்றிப் பழக்குவது வேறு. வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி, பலகை சாய்த்து, உள்ளே தாய்க்குத் தீவனம் வைத்து, இருவரையும் ஏற்றி, அப்படியே இறக்கிவிடலாம். ஓட்ட வேண்டியதில்லை.

அக்டோபர் 14

ஊசிக்கு அசையாமல் நின்றாள் என்று எழுதியது கண்டு மகிழ்ச்சி. லாடக்காரர், ‘இது யார் பழக்கியது’ என்று தாத்தாவைக் கேட்டாராமே. தாத்தா என்ன பதில் சொன்னார்?

டிசம்பர் 9

பால் மறக்கடிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் நான் முதல் ஐந்து நாட்களைப் பற்றி இவ்வளவு எழுதியதால், அதோடு முடிந்தது என்று தோன்றியிருக்கக்கூடும். இல்லை. பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு பருவங்களையும் பார்த்தார்கள். பிறந்த முதல் இரண்டு வாரங்கள் தினமும் கையாண்ட குட்டிகளிடம் அந்தப் பலன் மாதங்கள் போகப் போகத் தேய்ந்தது. பால் மறக்கடிக்கும் நேரத்தில் கையாண்டவற்றிடம் ஒன்றரை வயதுவரைகூட ஓரளவு தங்கியது. தாயை இழந்து துணை தேடும் நேரத்தில் அருகில் இருப்பவர் மனத்தில் பதிகிறார் போலும். அதனால் அந்த நாட்களில் வெளியூர் போகாதீர்கள்.

ஐந்து மாதத்தைத் தாண்டிவிட்டாள், செய்யலாம். நான் என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுப்பேன். காட்டில் விட்டால் தாய் அடுத்த குட்டி வரும்வரைகூடப் பால் கொடுப்பாள். ஒரே நாளில் தாயைக் கண்மறைவாக ஓட்டிச் சென்றுவிடும் முறை வேண்டாம். முதலில் குட்டிக்குத் துணையாக ஒரு சாதுவான வயதான பெட்டையோ வேறொரு குட்டியோ ஏற்பாடு செய்யுங்கள். இடையில் உறுதியான வேலி, அதற்கு இருபுறமும் தாயும் மகளும், ஒருவரையொருவர் பார்க்கலாம், முகரலாம், பால் குடிக்க முடியாது. தாயின் தீனியைக் குறைத்து மடி வற்றவிடுங்கள். கறக்காதீர்கள், கறந்தால் சுரக்கும். காலையும் மாலையும் நீங்கள் போய், பிடரி மயிர் முடியும் அந்த மேட்டைச் சொறியுங்கள், கால் தூக்குங்கள், தலைக்கயிறு மாட்டி வேலியோரமாக நடத்துங்கள்.

வேலிக்கு முள்கம்பி கூடாது. மூங்கில் அல்லது மரச்சட்டம், குட்டியின் நெஞ்சு உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று, கீழே குளம்பு நுழையாத இடைவெளி. அளவெடுத்துப் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.